வெயில் படிந்த முகம்

செல்வராணியின் முகத்தில் நீலம் ஏறுகிறது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் முத்துக்கனி. மாசி கடைசி. முள்ளக்காட்டுக்குக் கிழக்கே உப்பளத்தில் அந்த வருஷத்து உப்பு வாரல் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. விடியும் முன்பே பாத்தியில் இறங்கிய பெண்கள், வெயில் உறைத்ததும் கரையேறி, வாரிய உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டின் ஓலை நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். கஞ்சியும் சுட்ட சாளைக் கருவாடும்.

“ஏளா ராணி, தலைத்துணியக் கொஞ்சம் மேல ஏத்து, பாப்போம்.”

செல்வராணி கஞ்சிக்கையோடு புறங்கையால் துணியை ஏற்றினாள். துணி மறைத்திருந்த இடம் அவள் பிறந்த நிறத்தில், புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து, ரவிக்கை தொடங்கும் வளைவு வரைக்கும் சிலேட்டு நிறம். அளத்து வேலைக்கு வருகிறவர்களில் யாரும் சிவப்பில்லை. வெயில் எல்லோரையும் கறுக்க வைக்கும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டிலிருந்தால் கொஞ்சம் தெளியும். செல்வராணிக்கு அந்த மழையில் தெளியவில்லை.

“பொணத்தோட நகம் மாதிரி இருக்குளா. தப்பா நெனச்சிராத. ஆஸ்பத்திரியில காட்டு.”

“பித்தமா இருக்கும். சீரகத் தண்ணி குடிக்கேன்.”

“என்ன பித்தம்? ரெண்டு வருசமா நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சொல்லவா வேண்டாமான்னு இருந்தேன்.”

எட்டுப் பெண்களுக்கும் ஒரே குடம், ஒரே செம்பு. மறுநாள் முத்துக்கனி தனக்கென்று ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் நாலு பேர். வாரம் முடிவதற்குள் அந்தச் செம்பில் செல்வராணி மட்டும்தான் குடித்தாள்.

புருஷன் சுடலைக்கண்ணன் துறைமுகச் சாலையில் உள்ள உப்புக் கிட்டங்கியில், மூட்டை அடுக்கும் கோடவுனில், லோடுமேன். முப்பது வருஷம் மூட்டை சுமந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் பிரேமா, தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். இருபத்து நாலு வயது. ஏரலிலிருந்து ஒரு இடம் தோதாக வந்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பாத்திரக்கடை. வைகாசியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவின் முகத்தைப் பிரேமா அதற்குப் பிறகுதான் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாளென்று ஒரு கிரீம் வாங்கி வந்தாள்.

“யம்மா, காலையில ஒருக்க, சாயந்திரம் ஒருக்க. மூணே வாரத்துல தெளிஞ்சிருமாம்.”

“எனக்கா பொண்ணு பாக்க வாராவ?”

“போடும்மா, சும்மா பேசாம.”

முதல் பத்து நாள் முகம் மினுங்கியது. கன்னத்தில் ஒரு சுற்று வெளுத்ததுபோலக்கூட இருந்தது. பங்குனி வெயில் ஏறியபோது கதை மாறியது. பாத்தியில் தேங்கிய உப்புத் தண்ணீரின் வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடிக்க, தோல் சிவந்து எரிந்தது. செல்வராணி உப்பு வாருவதை நிறுத்திவிட்டு முந்தானையை நனைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். நனைத்தது உப்புத் தண்ணீர். அது இன்னும் எரிந்தது.

பிரேமாவுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அம்மா வழக்கமாகப் போடும் மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

“யப்பா, இங்க வாங்க. இந்த மாத்திரையாலதான் இப்படி ஆயிருக்கு. ரொம்ப வருசம் போட்டா, வெயில் படுற எடமெல்லாம் நீலமா ஆவுமாம்.”

சுடலைக்கண்ணன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பதினாலு வருசமா இதத்தான போடுதா.”

“அதாம்ப்பா.”

“நிறுத்தப்படாது. கேட்டியா ராணி? வார திங்கக்கிழம லீவு சொல்லிட்டு டாக்டரப் போயிப் பாப்போம். அதுவரைக்கும் போட்டுக்கிட்டே இரு.”

“சரி,” என்றாள் செல்வராணி.

அந்த மாத்திரை செண்பகத்தால் வந்தது. செண்பகம் செல்வராணியின் தங்கை. ஆறு வயது இளையவள். பதினாலு வருஷத்துக்கு முன் அக்காவும் தங்கையும் இதே அளத்தில் வேலை பார்த்தார்கள். ஒரு வைகாசி மதியம், போர்த் தண்ணீரை இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் பார்க்கிற ஆள் சாப்பிடப் போய்விட்டான். பாத்தி நிரம்பி வரப்பு தளும்பியது. செல்வராணி தலையில் உப்புப் பெட்டியோடு நின்றபடி, “ஏ செண்பகம், ஓடிப்போயி மோட்டார நிப்பாட்டுளா” என்று கத்தினாள். செண்பகம் ஓடினாள். சத்தம் நின்றது. “யக்கா, நிப்பாட்டிட்டேன்” என்று கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. சுவிட்ச் பெட்டியின் இரும்புக் கதவைச் சாத்த ஈரக்கையை வைத்திருக்கிறாள். கதவில் கரண்ட் கசிந்திருந்தது.

தங்கையைப் போகச் சொன்னது தான்தான் என்பதைச் செல்வராணி யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரர் கேட்டபோதும், அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டபோதும் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து ஒரு மதியம், பாத்திக்கு நடுவில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“யக்கா, நிப்பாட்டிட்டேன்.”

பிறகு தினமும் கேட்டது. துணி துவைக்கும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது, பஸ்ஸில். சில நாள் சந்தோஷமாக, சொன்ன வேலையை முடித்த குரலில். சில நாள் அழுதுகொண்டு. செல்வராணி பதில் சொல்ல ஆரம்பித்தாள். சோறு பொங்குவதை விட்டாள். ஒருநாள் வேலையில்லாத நேரத்தில் முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீரில் விறைத்து நின்றவளை நாலு பேர் தூக்கி வந்தார்கள். குலசாமி கோயிலில் திருநீறு போட்டார்கள். கயிறு கட்டினார்கள். கடைசியில் சுடலைக்கண்ணன் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்து மூன்றாவது வாரம் குரல் தேய்ந்தது. ஐந்தாவது வாரம் இல்லை.

மாதாமாதம் வரவேண்டும், வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வருஷம் போனார்கள். பிறகு அளத்தில் லீவு கேட்க முடியவில்லை. மருந்துக்கடை ஜெயகணேஷ் அண்ணாச்சி பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். வெயிலில் நிற்காமல் உப்பு வார முடியாது என்பதை அந்த டாக்டரிடம் யாரும் சொல்லவுமில்லை.

திங்கட்கிழமை சுடலைக்கண்ணனுக்குக் கப்பல் லோடு வந்தது. அடுத்த திங்கட்கிழமையும் தள்ளிப்போனது. செல்வராணி பிரேமா சொன்ன அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருந்தாள். சாப்பாடு முடிந்ததும் புருஷன் எடுத்துக் கொடுப்பார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தட்டுக் கழுவும் இடத்தில் துப்பிவிடுவாள். கல்யாணம் முடிகிற வரைக்கும், முகம் தெளிகிற வரைக்கும் என்று நினைத்தாள்.

சித்திரை பாதியில் அவளுக்குத் தூக்கம் குறைந்தது. வேலையில் ஒரு வேகம் வந்தது. “என்னளா, வயசு திரும்புதா?” என்று முத்துக்கனிகூடச் சிரித்தாள். வைகாசி பிறந்து நாலாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் தொடங்கவில்லை. பாத்தித் தண்ணீர் அசையவில்லை. எங்கும் வெள்ளை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உப்பு வாரும் பலகையை இழுத்தவளுக்குப் பின்னால், மிகவும் பக்கத்தில் கேட்டது.

“யக்கா.”

பலகை கையிலிருந்து நழுவியது. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

“யக்கா, நிப்பாட்டிட்டேன்.”

குரலில் ஒரு வயதும் கூடியிருக்கவில்லை. செல்வராணி நின்ற இடத்திலேயே, உதடு அசைகிறதா என்று யாருக்கும் தெரியாதபடி, “நல்லாருக்கியாளா?” என்று கேட்டாள்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. தலைத்துணியைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டத் தொடங்கினாள். கஞ்சி நேரத்தில் மற்றவர்களோடு உட்காராமல் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனாள். முத்துக்கனி தூரத்திலிருந்து பார்த்தாள். தனியாக உட்கார்ந்து யாருக்கோ கருவாட்டைப் பிய்த்து வைப்பதுபோல இருந்தது. பார்த்த அன்று சாயங்காலமே சுடலைக்கண்ணனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். ஏற்கெனவே தண்ணீர்ப் பாட்டில் விஷயத்தில் தன்மேல் வருத்தமிருக்கும், இதையும் போய்ச் சொன்னால் பெண் பார்க்கிற நேரத்தில் இடைஞ்சல் செய்ததாக ஆகும் என்று விட்டுவிட்டாள். பிறகு அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளையின் அம்மா செல்வலட்சுமி நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். மக்ரூன் தட்டும் காப்பியும் வந்தன. செல்வராணி பச்சைப் பட்டுச்சேலையில், பவுடர் போட்ட முகத்தோடு கதவோரம் நின்றாள். நீலத்தின்மேல் பவுடர் சாம்பல்போல நின்றது.

“என்ன மைனி, முகத்துல தீ கீ பட்டுச்சா?”

செல்வலட்சுமி அக்கறையோடுதான் கேட்டாள். சுடலைக்கண்ணன் முந்திக்கொண்டார்.

“வெயிலு. அளத்து வேலையில்லா?”

“வெயிலா? எங்க ஊர்லயும் வெயில் அடிக்கத்தான செய்யுது. குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி…”

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டார்கள். செல்வராணி கையிலிருந்த காப்பித் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போனாள். காப்பி எடுக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கால்மணி நேரம் கழித்துப் பிரேமா போய்ப் பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. செருப்பு அங்கேயே இருந்தது.

உப்பளத்தில் ஞாயிறு திங்கள் கிடையாது. பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி வரப்பில் ஏறாமல் பாத்திக்குள்ளேயே நேராக நடந்து வருவதை முத்துக்கனிதான் முதலில் பார்த்தாள். விளைந்த உப்பு காலடியில் நொறுங்கியது. அடையாளம் தெரிந்ததும் தலைப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

“ஏ ராணி! ஏளா! நில்லுளா!”

செல்வராணி கொட்டகை வாசலை அடைந்துவிட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் பாத்தித் தண்ணீரை அள்ளி அளைந்ததில் முழங்கை வரைக்கும் ஈரம். வலதுகையை நீட்டிக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனவளை முத்துக்கனி பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் பாத்தியில் விழுந்தார்கள். செல்வராணி திமிறினாள். அந்த நீலக் கழுத்தைத் தன் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு முத்துக்கனி விடவேயில்லை.

“வுடுளா! அவ உள்ள நிக்கா. பதினாலு வருசமா நிக்கா. கதவத் தொறந்துவிட்டா வந்துருவா.”

“அங்கன யாருமில்ல. யாருமில்ல தாயி.”

“உனக்குக் கேக்கலியா?”

முத்துக்கனி பிடியை இன்னும் இறுக்கினாள். சுடலைக்கண்ணன் மூச்சிரைக்க வந்து சேரும் வரைக்கும் இரண்டு பேரும் உப்புத் தண்ணீரில் அப்படியே கிடந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தது சின்ன வயது டாக்டரம்மா. சுடலைக்கண்ணனும் முத்துக்கனியும் கூட இருந்தார்கள். டாக்டரம்மா பழைய சீட்டைப் படித்தாள். செல்வராணியின் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். துணி மறைத்த தோலும் மறைக்காத தோலும் கோடு கிழித்ததுபோலப் பிரிந்திருந்தன.

“இது தொத்துற வியாதி இல்லை. மொதல்ல அதைத் தெரிஞ்சுக்கோங்க. இந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது தோல் வெயிலைத் தாங்காது. வருஷக்கணக்கா ரெண்டும் சேர்ந்து, தோலுக்குள்ள இப்படிப் படிஞ்சிருக்கு. கண்ணுலயும் படிஞ்சிருக்கலாம். இன்னைக்கே கண்ணு பாத்திரணும். முகத்துல வேற என்ன போட்டீங்க?”

சுடலைக்கண்ணன் கிரீம் டியூபை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா படித்துவிட்டு மேசை மேல் வைத்தாள்.

“இதுல ஸ்டீராய்டு இருக்கு. தோலை மெலிசாக்கிரும். இதை இப்படி இஷ்டத்துக்குப் போடக்கூடாது. தோல் டாக்டருக்கு எழுதித் தாரேன். அவங்க சொல்றபடி விடணும். மாத்திரையும் அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே வேற மாத்திரைக்கு மாத்தியிருப்போம். நிறம் மாறிருச்சுன்னு நீங்களா நிறுத்தினதுதான் தப்பாப் போச்சு.”

செல்வராணி தலை குனிந்திருந்தாள். “நெறத்துக்காகத்தாம்மா மொதல்ல நிறுத்துனேன்,” என்றாள். மேசை மேலிருந்த டியூபைப் பார்த்தபடி, “அவ வந்த பொறவு, வெரட்ட மனசு வரல,” என்றாள்.

“யாரு?”

“என் தங்கச்சி.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “என்ன சொல்றாங்க?”

“சொன்ன வேலைய முடிச்சிட்டேன்னு சொல்லுதா.” செல்வராணி நிமிர்ந்தாள். “நாந்தாம்மா போவச் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். மோட்டார நிப்பாட்டுளான்னு. ஒருத்தருட்டயும் சொல்லல. எங்கம்மா சாவும்போதுகூடச் சொல்லல. இவுகளுக்கும் தெரியாது.”

“தெரியும்,” என்றார் சுடலைக்கண்ணன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கே தெரியும். முத்துக்கனி பக்கத்துப் பாத்தியிலதான நின்னா. நீ கத்துனது அங்கன இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. உங்கம்மைக்கும் தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? தண்ணி தளும்புனா யாரயாவது போவத்தான் சொல்லணும். நீ கொன்னுட்டன்னா நாங்க நெனச்சோம்?” அவர் சாய்ந்த கழுத்தைத் தடவிக்கொண்டார். “நீயா சொல்லுவன்னு இருந்தேன். அப்புறம் மாத்திரயில நல்லாயிட்ட. கெளறப் பயமா இருந்துச்சு.”

முத்துக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

புது மாத்திரை தொடங்கினார்கள். குரல் அடங்கிவிடும், நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கலாம். முழுசாகப் போகாமலும் இருக்கலாம். செல்வராணி உப்பு வாருவதை விட்டு, கிட்டங்கிக்குள் பாக்கெட் போடும் வேலைக்கு மாறினாள். ஏரல் வீட்டிலிருந்து, ஜாதகம் இன்னொருமுறை பார்த்ததில் சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். தரகர் போனபிறகு பிரேமா அம்மாவின் கழுத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டே, “அவுக வீட்டுப் பாத்திரம் அவுககிட்டயே இருக்கட்டும்” என்று சொன்னாள். விரல் மட்டும் ஒரே இடத்தில் நின்று நின்று தேய்த்தது.

மாத்திரை மாறி முதல் வாரம் செண்பகம் தினமும் வந்தாள். இரண்டாவது வாரம் தூரத்தில், காற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. சொற்கள் பிரியவில்லை. அக்கா என்பது மட்டும் தெரிந்தது. செல்வராணி தினமும் தன் கையாலேயே மாத்திரையை எடுத்து விழுங்கினாள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து புருஷனுக்குக் காட்டினாள். வேண்டாம் என்று அவர் சொல்லியும் காட்டினாள்.

ஆனி பாதியில் கச்சான் அடித்தது. புழுதி பறந்து முள்ளக்காடு முழுக்க மங்கலாகக் கிடந்த ஒரு காலை. வேலைக்கு லீவு. செல்வராணி வாசலில் உட்கார்ந்து நகரை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலைந்து மீன் ஆய்ந்திருப்பாள். கை நின்றது. காற்று விட்டு விட்டு அடித்தது. அது நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். தொட்டி நிறைந்து வழிந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குள்ளிருந்து ஓர் ஓலம் எழுந்தது. செதில் ஒட்டிய கையாலேயே மார்பில் அடித்துக்கொண்டாள். “என்னப் பெத்த செண்பகமே” என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. செண்பகம் செத்த அன்று அவள் அழுதிருக்கவில்லை. பிறகு மாத்திரை அழவிடவில்லை. உள்ளேயிருந்து ஓடி வந்த பிரேமா அம்மாவைத் தூக்கப் போனாள். சுடலைக்கண்ணன் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“வுடு மக்கா. அழட்டும்.”

சத்தம் கேட்டு முத்துக்கனி இரண்டு தெரு தாண்டி வந்துவிட்டாள். மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். செல்வராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி முட்ட, அவளும் குரலெடுத்தாள். “ஓடிப் போன காலு ஒழுங்கா வரலியே” என்று செல்வராணி சொல்ல, “அனுப்பி வச்ச அக்கா ஆறாம நிக்காளே” என்று முத்துக்கனி சொன்னாள். செல்வராணி அதைக் கேட்டு முத்துக்கனியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் சத்தமாக அழுதாள்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். கடைக்குப் போய்விட்டு வந்த அல்போன்சா டீச்சர், அந்தத் தெருவுக்குப் புதுசாகக் குடிவந்தவள், பையோடு வாசலுக்கு வந்தாள்.

“யாரும்மா தவறிட்டாங்க?” என்று பிரேமாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“எங்க சித்தி டீச்சர்.”

“அடப்பாவமே. எப்போ?”

பிரேமா வாயெடுத்தாள். அல்போன்சா டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.